வாதாடி ஓய்ந்த பிறகு

"சார், நீங்கள் மன்னிப்புக் கேட்க வந்தீர்களா, விளக்கம் சொல்ல வந்தீர்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரியாதவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதற்கு முன் இருபது நிமிடங்கள் நான் விடாமல் பேசியிருந்தேன். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தோம். அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். ஓர் ஆண்டிறுதிக் கணக்கில் பெரிய பிழை வந்தது. நான் சரிபார்க்காமல் கையெழுத்திட்ட தாளில் இருந்த பிழை அது. ஆனால் தாளைத் தயாரித்தவர் அவர் என்று விசாரணையில் எடுத்துக்கொண்டார்கள். நான் அவர்மேல் பழி சுமத்தவில்லை. என்னைக் கேட்டபோது, "கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. சில காலம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார்.

அதற்குப் பின் பதினொரு ஆண்டுகள், ஆராதனைதோறும் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்தில், பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தை இரண்டு முறை பெரியவர்களுக்கு வகுப்பாக எடுத்தேன். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ன என்று கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அது எனக்குப் புரியவில்லை என்பது அந்த மனிதரின் கேள்வியில்தான் தெரிந்தது.

பாவம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் விளக்கம், இலக்குத் தவறுதல். எபிரெயத்தில் ஹாட்டா, கிரேக்கத்தில் ஹமார்த்தியா, இரண்டுக்கும் குறி தப்புவது என்ற பொருள் உண்டு. நியாயாதிபதிகள் 20ஆம் அதிகாரத்தில் இடது கை வழக்கமுள்ள 700 பேர் வருகிறார்கள். ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் கவண்கல் எறியக்கூடியவர்கள். அங்கே 'தப்பாமல்' என்பதற்கு நிற்பது இதே ஹாட்டாதான். விளக்கம் சரியானதே. ஆனால் அது மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. குறி தவறியவனுக்கு வருத்தம் வரும், வெட்கம் வராது. அடுத்த முறை கவனமாக எறிவேன் என்பான். அதனால்தானோ என்னவோ, 51ஆம் சங்கீதத்தின் தொடக்கத்திலேயே மூன்று சொற்கள் சேர்ந்து நிற்கின்றன: குறி தவறுதல், கோணிப்போதல், கலகம் செய்தல். கைப்பிசகு, வளைந்துபோன இயல்பு, தெரிந்தே எதிர்த்து நின்ற துணிச்சல். மூன்றும் ஒரே மனிதனுக்குள் இருந்தன.

தமிழ் இதில் வேறொரு வெளிச்சம் தருகிறது. குற்றம் செய்தவனையும் நாம் பாவி என்கிறோம். அடிபட்டுக் கிடப்பவனையும் பார்த்து 'ஐயோ, பாவம்' என்கிறோம். குற்றத்துக்கும் பரிதாபத்துக்கும் ஒரே சொல். ரோமர் 7ஆம் அதிகாரத்தைத் தமிழில் வாசிக்கிறவருக்கு இது இயல்பாகவே விளங்கும். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று புலம்பும் அந்த மனிதர் குற்றவாளி. கூடவே கைதியும்கூட. குற்றவாளி என்று மட்டும் சொன்னால் சாட்டையைத் தேடுவோம். கைதி என்று மட்டும் சொன்னால் சாக்குத் தேடுவோம். பவுல் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு, கடைசியில் தன்னை யார் விடுதலையாக்குவார் என்று கேட்கிறார். என்ன செய்தால் விடுதலை கிடைக்கும் என்று கேட்கவில்லை. யார் என்று கேட்கிறார்.

பாவம் எப்படி எல்லோருக்கும் வந்தது என்பதில் சபை நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகுஸ்தீனும் துறவி பெலாகியுசும் மோதிக்கொண்டது இதில்தான். 'நீர் கட்டளையிடுவதைத் தாரும், பின்பு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்' என்ற பொருளில் அகுஸ்தீன் எழுதிய ஜெபம் பெலாகியுசுக்குப் பொறுக்கவில்லை. மனிதனால் முடியாததைத் தேவன் கட்டளையிடுவாரா என்பது அவருடைய கேள்வி. நேர்மையான கேள்விதான். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவருடைய போதனையைத் தள்ளினார்கள். ரோமர் 5:12இல் ஒரு கிரேக்கத் தொடரை லத்தீனில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று படித்தது, ஆதாமின் பாவம் பிறப்பிலேயே எல்லோரையும் பற்றுகிறது என்ற அகுஸ்தீனின் கட்சிக்கு உதவியது. 'எல்லாரும் பாவம் செய்தபடியால்' என்பதே கிரேக்கத்துக்கு நெருக்கம் என்று இன்று பலர் சொல்கிறார்கள். அந்த வாதம் என்னைப் பெரிதாகப் பிடித்து வைக்கவில்லை. அகுஸ்தீன் சொன்ன பேரிக்காய்க் கதை பிடித்து வைத்தது. பதினாறு வயதில் கூட்டாளிகளோடு ஒரு மரத்துப் பேரிக்காய்களை உலுக்கித் திருடினார். பசியில்லை, வீட்டிலேயே அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். எதற்காகச் செய்தேன் என்று பல ஆண்டுகள் கழித்தும் அவர் தன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சாக்குச் சொல்லாமல்.

அந்தச் சாக்குச் சொல்லாமை எனக்கு இல்லாமல் போனது. ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்ட கனியைவிட அதற்குப் பின் நடக்கும் விசாரணைதான் இப்போது என்னை அதிகம் நடுங்க வைக்கிறது. தேவன் கேட்கிறார். ஆதாம், நீர் எனக்குத் தந்த ஸ்திரீ கொடுத்தாள் என்கிறான். ஒரே மூச்சில் மனைவியையும் படைத்தவரையும் கூண்டில் ஏற்றிவிட்டான். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவள் கொடுத்தது உண்மை, அவளைத் தந்தது தேவன் என்பதும் உண்மை. 'கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்' என்பதும் அப்படிப்பட்ட உண்மைதான்.

சிறு குழந்தை ஒரு பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டு என்ன சொல்கிறது? 'உடைந்துவிட்டது' என்கிறது. 'உடைத்துவிட்டேன்' என்பதில்லை. யாரும் கற்றுக்கொடுக்காமலே அதன் நாக்கு பிறவினையைத் தன்வினையாக மாற்றிவிடுகிறது. வல்லெழுத்து இருந்த இடத்தில் மெல்லெழுத்து வருகிறது, செய்தவர் மறைந்துபோகிறார். பெரியவர்களான பிறகு நாம் அதை நயமாகச் செய்கிறோம்: பிழை நேர்ந்துவிட்டது, காலம் கடந்துவிட்டது, உறவு முறிந்துவிட்டது. பிறவிப்பாவம் என்ற போதனையை நான் நம்புவது அது எப்படிக் கடத்தப்படுகிறது என்ற கோட்பாட்டினால் அல்ல. இந்த இலக்கணம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது என்பதால் நம்புகிறேன்.

ஆகவே, பாவத்தின் வேரில் இருப்பது தன்னைத்தானே நியாயப்படுத்தும் ஆசை என்று எனக்குத் தோன்றுகிறது. திருடுவதும் பொய் சொல்வதும் அதற்கு முன்னும் பின்னும் வருபவை. 'எனக்குப் பிறன் யார்?' என்று இயேசுவிடம் கேட்ட நியாயசாஸ்திரியைப் பற்றி லூக்கா ஒரு குறிப்பு எழுதுகிறார்: அவன் தன்னை நீதிமான் என்று காட்ட மனதாயிருந்தான். நல்ல சமாரியன் உவமை முழுவதும் அந்த ஆசைக்குச் சொன்ன பதில். அதைப் பரோபகாரக் கதையாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

ரோமர் நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்களை நான் நெடுநாள் குற்றப்பட்டியலாகவே வாசித்தேன். அந்தப் பட்டியல் எங்கே போய் முடிகிறது என்பதைக் கவனிக்கவில்லை. 3:19இல் பவுல் அதைச் சொல்லிவிடுகிறார்: வாய்கள் யாவும் அடைக்கப்பட வேண்டும். எல்லாரும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதற்காக அவர் இவ்வளவு தூரம் வரவில்லை. எல்லாரும் வாதாடுவதை நிறுத்த வேண்டும். கிரேக்கத்தில் 'இப்பொழுதோ' என்று 21ஆம் வசனம் தொடங்குவது அந்த மௌனத்துக்குப் பிறகுதான்.

அந்த மௌனத்தில் சொல்லப்படுவது ஒரு தீர்ப்பு. 'நீதிமானாக்கு' என்று தமிழில் வாசிக்கும்போது, கெட்டவனைத் திருத்தி நல்லவனாக்குவது என்றே காதில் விழுகிறது. அகுஸ்தீனும் லத்தீன் சொல்லை அப்படித்தான் கேட்டார். ஆனால் பவுல் பயன்படுத்தும் திக்கையோவோ என்ற கிரேக்கச் சொல் நியாயசபைக்கு உரியது. நீதிமான் என்று தீர்ப்பளிப்பது. லூக்கா 7:29இல் வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் தேவனையே அப்படிச் செய்தார்கள் என்று வருகிறது. தேவனை அவர்கள் திருத்தவா முடியும்? அவர் நீதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்ற சொல்லைத் தேர்ந்தது. அழகான சொல். ஆனாலும் அதில் நீதிமன்றத்தின் வாடை இல்லை. எனக்கு அந்த வாடை வேண்டும், ஏனென்றால் பதினொரு ஆண்டுகளாக நான் ஒரு நீதிமன்றத்தில்தான் குடியிருந்தேன். வழக்கறிஞரும் நானே, சாட்சியும் நானே, நீதிபதியும் நானே. தினமும் விடுதலையானேன். தினமும் வழக்கு மறுபடியும் எடுக்கப்பட்டது.

இங்கே பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டாமல் கடந்துபோகிற பிரசங்கங்களை என்னால் கேட்க முடிவதில்லை. நீதிமொழிகள் 17:15, துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்கிறது. ரோமர் 4:5 தேவனுக்குக் கொடுக்கும் பட்டம், 'பாவியை நீதிமானாக்குகிறவர்'. எந்த நீதிபதி செய்தாலும் அருவருப்பான காரியத்தை, நீதியின் ஊற்றானவர் செய்கிறார் என்று பவுல் கூசாமல் எழுதுகிறார். என் வழக்கில் இது ஏட்டளவு முரண்பாடு அல்ல. தேவன் என்னை விடுவித்தால், அந்த மனிதர் இழந்த ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது? பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் குற்றவாளியை அனுப்பிவிடுகிற நீதிபதியை நான் எப்படி ஆராதிப்பது?

பவுல் இந்தக் கேள்வியைத் தெரியாதவர் அல்லர். 3:25, 26 வசனங்கள் முழுவதும் இதற்காகவே நிற்கின்றன. தேவன் தாமும் நீதியுள்ளவராயிருக்க வேண்டும், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்கவும் வேண்டும். அதற்காகவே சிலுவை என்கிறார். பாவம் பரவாயில்லை என்று தேவன் சொல்லவில்லை. சிலுவையைப் பார்த்த பிறகு 'பரவாயில்லை' என்ற சொல்லையே பாவத்தோடு சேர்த்துச் சொல்ல முடியாது. நீதிபதி தீர்ப்பின் பாரத்தைத் தாமே சுமந்தார் என்பதே சுவிசேஷம். அப்படிச் சுமந்தவர் பொய்ச்சாட்சியால் கண்டனம் பெற்றவர், செய்யாத குற்றத்துக்கு வாய் திறவாமல் நின்றவர். அவரை நினைக்கும்போது, என் அலுவலகத்து விசாரணையில் அவர் எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என்னை விடுவிக்கிறவர், நான் கைவிட்டவரின் பக்கத்தில் நிற்கிறவர். இதை முழுவதும் விளங்கிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த விடுதலை மலிவானது என்று யாராவது சொன்னால் மறுப்பேன்.

ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு கணக்குச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. ஆதியாகமம் 15:6இலிருந்து எடுத்த வசனம் அது. லொகிசொமாய் என்ற அந்தச் சொல் கிரேக்கத்தில் இந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை வருகிறது. பேரேட்டில் வரவு வைப்பதற்கும் வழங்கிய சொல். தமிழில் அது 'எண்ணு' என்று அமைந்தது ஒரு கொடை என்றே நினைக்கிறேன். எண்ணுதல் கணக்கிடுவதும் ஆகும், நினைப்பதும் ஆகும். தேவன் என்னை எப்படிக் கணக்கிடுகிறாரோ அப்படியே நினைக்கவும் செய்கிறார். ஏட்டில் வரவு வைத்துவிட்டு மனத்தில் வேறு கருத்து வைத்திருக்கும் மேலதிகாரி அல்லர் அவர். கணக்குப் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இதே ஊற்றில்தான் தாகம் தீர்த்தார். தேவனுடைய நீதி என்ற தொடரையே தான் வெறுத்ததாக, இறப்பதற்கு ஓர் ஆண்டு முன், 1545இல், தன் லத்தீன் நூல்தொகுதியின் முன்னுரையில் எழுதினார். தண்டிக்கும் நீதி என்றே அதை அவர் கற்றிருந்தார். ரோமர் 1:17ஐ இரவும் பகலும் யோசித்து, அது தேவன் விசுவாசிக்கிறவனுக்குக் கொடுக்கும் நீதி என்று கண்டபோது, திறந்த வாசல்கள் வழியாகப் பரதீசுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது என்கிறார். 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது, 3:28இல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார், எதிர்ப்பு கிளம்பியது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'விசுவாசத்தினாலேயே' என்று இருக்கிறது. லூத்தருக்குத் தனிச்சொல் தேவைப்பட்டது. தமிழுக்கு ஓர் ஏகாரம் போதுமாயிருந்தது.

ரோமன் கத்தோலிக்கச் சபை, ஆயர்கள் கூடிய டிரெந்து சங்கத்தில், 1547 ஜனவரியில், நீதிமானாக்கப்படுதல் உள்ளத்தைப் புதுப்பிப்பதும் ஆகும் என்று விரிவான ஆணையால் பதில் சொன்னது. 452 ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்புர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீரவில்லை. ஆனாலும் வாதாடிய இரண்டு வாய்கள் ஓரிடத்தில் ஓய்ந்தன என்பது எனக்குப் பெரிய செய்தி.

புதிய ஏற்பாட்டின் இன்னொரு நிருபத்தில் வரும் யாக்கோபு 2:24ஐச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும், அதாவது செயல்களினாலும், நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் யாக்கோபு. பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் ஆதியாகமம் 15இலிருந்து தொடங்குகிறார், வெறுங்கையோடு நட்சத்திரங்களைப் பார்த்து நின்ற ஆபிரகாம். யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்குப் போகிறார், மகனோடு மலையேறிய ஆபிரகாம். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்லும்போது அவர் அடிப்பது, ஒத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிற விசுவாசத்தை. கரும்பலகையில் எழுதும் விசுவாசம் அது. அந்த அடி என்மேல் விழ வேண்டிய அடி, விழுந்தது.

விசுவாசத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. நோயாளியின் படுக்கையருகே நின்று 'உங்களுக்கு விசுவாசம் போதவில்லை' என்று சொல்கிறவர்கள், கிரியையைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். விசுவாசத்தையே ஒரு சாதனையாக்கி, அதை அளந்து கூலி கேட்கச் சொல்கிறார்கள். மாற்கு 9இல் வரும் தகப்பன், விசுவாசிக்கிறேன் என்றும் என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறினான். அவனுடைய பிள்ளை சுகமானான். விசுவாசம் நீட்டிய கை. அதன் வலிமையைப் பற்றி வேதம் பேசுவதைவிட, அதைப் பிடிக்கிறவரைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

எல்லாவற்றையும் ஒரு காட்சியில் பார்க்க லூக்கா 18க்குப் போவேன். தேவாலயத்தில் ஜெபிக்கப் போன இருவரின் உவமை அது: சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் ஒரு பரிசேயன், ஓர் ஆயக்காரன். பரிசேயன் நல்லவன். வாரத்தில் இரண்டு முறை உபவாசம், தசமபாகம், எல்லாம் உண்மை. அவன் ஜெபம் ஒரு வாதம். ஆயக்காரன் ஜெபம் தமிழில் நான்கே சொற்கள்: தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல் சாதாரணமாக இரக்கம் கேட்கும் சொல் அல்ல, பாவநிவிர்த்தியோடு உறவுடையது. ரோமர் 3:25இல் கிருபாதாரபலி என்று தமிழாகியிருக்கும் சொல்லுக்கு அதே வேர். பலி செலுத்தப்படும் தேவாலயத்தில் நின்றுகொண்டு, அந்தப் பலி எனக்கும் ஆகட்டும் என்று கேட்டான். ஏன் வரி வசூலிக்க வந்தேன், வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒன்றும் சொல்லவில்லை. நீதிமானாக்கப்பட்டவனாக வீட்டுக்குத் திரும்பிப்போனது அவன்தான் என்றார் இயேசு.

என்னுடைய முதல் சந்திப்பில் நான் பரிசேயனைப் போலவே ஜெபித்திருந்தேன். விசாரணைக் குழுவின் அவசரம், அந்த வாரம் என் மனைவிக்கிருந்த காய்ச்சல், கோப்பு என் கைக்கு வந்த நேரம் என்று அவரிடம் எதையும் விடவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த இருபது நிமிடத்தில் எங்கோ ஓரிடத்தில் இருந்தது.

நான்கு மாதங்கள் கழித்து மறுபடியும் போனேன். இடையில் பழைய அலுவலகத்துக்கு, பிழை என்னுடையது, அவருடையது அல்ல என்று எழுதி அனுப்பியிருந்தேன். அதனால் இப்போது யாருக்கும் பதவி உயர்வு வரப்போவதில்லை. ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். என்னால் ஒரு மடங்குகூடத் தர முடியவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. என் பெயரைக் காப்பாற்றும் வேலை வேறொருவரிடம் போய்விட்டது என்று உணர்ந்த முதல் நாள் அது.

அவர் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். நான் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன்.

"பிழையை நான் செய்தேன். தெரிந்தே பேசாமல் இருந்தேன். உங்களுக்குத் துரோகம் செய்தேன்."

மூன்று வாக்கியங்கள். நான்காவது ஒன்று தொண்டை வரை வந்தது. 'அந்த நேரத்தில்' என்று தொடங்கும் வாக்கியம். அதை விழுங்கிக்கொண்டேன்.

அவர் நகலை இரண்டு முறை வாசித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெகுநேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர், "பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், சார்?" என்று கேட்டார்.